கத்தி போதும், உதிரிப்பாகம் தாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டவை இரண்டு. காந்தத்தால் மூடித் திறக்கும் கைப்பிடி, மாக்னாகட் உருக்கு என்று புதிது புதிதாக மல்டிடூல்கள் (குறடு, கத்தி, அரம், திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் கைக்கருவிகள்) வருகின்றனவே, கொழும்பில் கைவேலை செய்கிற ஒருவருக்கு அவற்றால் பயன் உண்டா என்பது ஒன்று. அவற்றைச் செய்கிற நிறுவனங்கள் உண்மையில் எதைத் தர வேண்டும் என்பது மற்றது. நான் 22 ஆண்டுகளாக ஏசி பழுதுபார்க்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலைப் பார்த்து நிற்கும் தொடர்மாடிகளில்தான் என் வேலையில் பாதி. இடுப்பில் மல்டிடூல் இல்லாமல் ஏணியில் ஏறியதில்லை. இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிந்துவிடும்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு மேலே ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடி. அவுட்டோர் யூனிட் பல்கனிச் சுவருக்கு வெளியே இரும்புத் தாங்கியில் நின்றது. மூடியிருக்கும் தகட்டைக் கழற்ற ஐந்து திருகாணிகள். நான்கு வந்துவிட்டன. ஐந்தாவதன் தலை உப்புக் காற்றில் ஊதிப்போய், குறுக்கு வெட்டு முழுவதும் துரு அடைத்துக் கிடந்தது. பெரிய திருப்புளி கீழே வான் வண்டியில். மல்டிடூலின் குத்தூசியால் துருவைக் கிளறி எடுத்துவிட்டு, முனையை வைத்து அழுத்தித் திருப்பினேன். முனை மேலெழுந்து வழுக்கி, வெட்டின் விளிம்பைத் தின்றது. இன்னொரு முறை திருப்பினால் வெட்டு வட்டக் குழியாகிவிடும் என்று தெரிந்தது, நிறுத்தினேன். அரத்தின் ஓரத்தில் உலோகம் அறுக்கும் மெல்லிய பற்கள் உண்டு. அவற்றால் தலையின் குறுக்கே ஒரு நேர்ப் பள்ளம் அறுத்தேன். தட்டை முனையை அதில் இருத்தி, கையிலிருந்த ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பினேன். கால் சுற்று வந்தது, அதற்குள் மல்டிடூலின் உடல் பக்கத்துக் குழாயில் இடித்தது. எடுத்து மறுபக்கம் வைத்து, மீண்டும் கால் சுற்று. ஒரே ஒரு திருகாணிக்கு இருபது நிமிடம் போய்விட்டது.

அந்த இருபது நிமிடத்தில் கத்தி ஒருமுறைகூட விரியவில்லை. குத்தூசி, அரம், தட்டை முனை, குறடு, இவைதான் வேலை செய்தன. ஆனால் எந்தப் புதிய மாதிரியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் முதல் வரியில் நிற்பது கத்தியின் உருக்கு. இந்தக் கருவி பிறந்த கதையே இதற்கு நேர்மாறானது. 1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியுடன் பழைய பியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். காரும் பழுது, தங்கிய இடங்களின் தண்ணீர்க் குழாய்களும் பழுது. அவர் சட்டைப்பையில் கத்தி இருந்தது. இல்லாதது குறடுதான். அந்தக் குறையிலிருந்துதான் 1983இல் அவருடைய முதல் கருவி விற்பனைக்கு வந்தது. குறட்டுக்காகப் பிறந்த பொருளைக் கத்தியை வைத்து விற்கிறார்கள் என்பதுதான் என்னுடைய முதல் குறை.

அந்த ஐந்தாவது திருகாணி ஏன் வழுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது நாள்தோறும் நடக்கிறது. குறுக்கு வெட்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் குறைந்தது மூன்று வகை. பிலிப்ஸ் வெட்டின் பக்கச் சுவர்கள் சரிவானவை, ஆகவே இறுக்கம் கூடும்போது முனை தானாக மேலெழும். ஜப்பானிய ஜே.ஐ.எஸ். வெட்டு பார்வைக்கு அதேபோல் இருக்கும். ஆனால் மூலைகளின் வளைவு வேறு, பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது. பல ஜப்பானியத் திருகாணிகளின் தலையில் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். மூன்றாவது பொசிட்ரைவ். நான்கு கைகளுக்கும் இடையே மெல்லிய கோடுகள் தெரியும். பிரித்தானிய முறையில் செய்யப்பட்ட சுவிட்ச், பிளக் பொயின்ட் வகைகளில் இதை அடிக்கடி காணலாம். இங்கே தெருவில் ஓடுவதில் பெரும்பகுதி ஜப்பானிய வாகனம், சுவரில் இருப்பது பிரித்தானிய மரபுப் பொருத்துகள். இரண்டுக்கும் நடுவே, மல்டிடூலில் நமக்குக் கிடைப்பதோ எதிலும் சரியாக இருக்காத ஒற்றைக் குறுக்கு முனை.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 6.35 மில்லிமீற்றர் அறுகோண பிட், அதாவது கழற்றி மாற்றும் திருப்புளி முனை. உலகம் முழுவதும் கால் அங்குல பிட் என்று விற்கப்படுவது அது. புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் பெட்டியோடு எடுத்து வைப்பார்கள். தேய்ந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்கலாம். ஏசி சர்வீஸ் வால்வுக்கு வேண்டிய 4, 5 மில்லிமீற்றர் அலன் முனைகளும் அதே அளவில் கிடைக்கின்றன. அப்படியிருக்க, லெதர்மேன் நிறுவனம் தன் வேவ் வரிசையில் தனக்கென்று தட்டையான பிட் வைத்திருக்கிறது. சாதாரண பிட் போட வேண்டுமென்றால் தனியாக ஒரு நீட்டிப்பு வாங்க வேண்டும். தட்டை பிட் இடம் பிடிக்காது என்பது அவர்கள் நியாயம், அது உண்மையும்கூட. ஆனால் கெர்பர் என்ற நிறுவனம் 2017இல் சென்டர் டிரைவ் என்ற மாதிரியில், எந்த பிட், அது எங்கே நிற்பது என்ற இரண்டுக்கும் ஒரே விடை தந்துவிட்டது. சாதாரண பிட் அப்படியே பொருந்துகிறது. விரித்தால் பிட் கருவியின் நடு அச்சில், உண்மையான திருப்புளிபோல் நிற்கிறது. எனக்குக் குழாயில் இடித்ததே, அது முனை ஓரத்தில் இருந்ததால் நேர்ந்தது. நடு அச்சும் சாதாரண பிட்டும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒரு மாதிரியிலாவது இருக்க வேண்டும். பட்டியலில் முதலாவதாக இதைத்தான் வைப்பேன்.

அடுத்தது துரு. கொழும்புக்காரர்கள் இதைப் பற்றிப் பேசினால் பொழுது போதாது.

துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். உருக்கிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் படலம் மீண்டும் வந்துவிடும். காப்பாற்றுவது அந்தப் படலந்தான். கடற்காற்றிலுள்ள உப்பு அதைத் துளைக்கும். துளைத்த இடம் கத்தியின் அகலமான பக்கமாக இருந்தால் நாம் பார்ப்போம், துடைப்போம். ஆனால் குறட்டின் சுழலாணிக்குள், இரண்டு தகடுகள் உரசி நிற்கும் மயிரிழை இடைவெளியில், உப்புநீர் இறங்கினால் அங்கே காற்றும் போதாது, படலமும் மீளாது. துரு உள்ளேயிருந்து வளரும். வெளியே பளபளவென்று இருக்கும் கருவி ஒருநாள் கறகறவென்று திறக்கும். எண்ணெய் விட்டால் பழுப்புத் தண்ணீர் வழியும்.

மாக்னாகட் பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் பதில். லாரின் தோமஸ் என்ற உலோகவியலாளர் உருவாக்கி 2021இல் அறிமுகமான உருக்கு அது. அதில் குரோமியம் 11 வீதத்துக்கும் குறைவு. வழமையாக மல்டிடூல்களில் வரும் 420எச்.சி. உருக்கில் ஏறத்தாழ 13 வீதம். குறைவாக இருந்தும் மாக்னாகட் துருவை நன்றாகத் தாங்குகிறது. அதிலுள்ள குரோமியம் காபைட்டு எனும் கடினத் துகள்களில் (காபனோடு சேர்ந்து உண்டாகுபவை) சிக்கிக்கொள்ளாமல் உருக்கிலேயே கரைந்து நிற்பதுதான் காரணம். கூர்மையும் நெடுநாள் நிற்கும். அருமையான உருக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லெதர்மேன் 2023இல் ஆர்க் மாதிரியில் அதைக் கொடுத்தது கத்தி அலகுக்கு மட்டும். துருப்பிடிக்கிற இடம் சுழலாணி, நல்ல உருக்கு போனது கத்திக்கு. 200 டொலருக்கு மேல் வாங்கும் கருவியில், நான் கேட்பது இதுதான்: சுழலாணியையும் அதன் வளையங்களையும் உப்புத் தாங்கும் உலோகத்தில் செய்யுங்கள், உள்ளே சேரும் தண்ணீர் வடிய ஒரு சிறு வழி விடுங்கள். கத்திக்குப் பழைய 420எச்.சி.யே போதும். அது மழுங்கினால் வீட்டுச் சாணைக் கல்லில் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம்.

உறையையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். தோல் உறையும் தடித்த நைலோன் உறையும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. இரவு முழுவதும் கருவி அந்த ஈரத்துக்குள் உறங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அடியில் துளையுள்ள கடினப் பிளாஸ்டிக் உறையே ஏற்றது. அதைத் தருவோர் மிகச் சிலர். இருப்பதைக் கொண்டு காப்பாற்ற வேண்டுமானால், கடற்கரைப் பக்கம் வேலை செய்த நாளில் கருவியை விரித்துக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். துணியால் துடைத்து மின்விசிறியின் கீழ் காயவிட்டு, மூட்டுகளில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில வாரங்களில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது என் மனதில் நெடுநாளாக இருப்பதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் ஒரு கடின உருக்குக் கம்பியைக் குறட்டின் கம்பி வெட்டியில் வைத்து நெரித்தேன். கம்பி அறுந்தது, வெட்டியில் அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்தது. தவறு என்னுடையதுதான். விலைகொடுத்து வாங்கிச் சரிசெய்யலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். பண்பாகத்தான் பதில் எழுதினார்கள்: பாகத்தைத் தனியாக விற்பதில்லை, முழுக் கருவியையும் வெளிநாட்டிலுள்ள சேவை நிலையத்துக்கு அனுப்புங்கள், பார்த்துச் செய்து தருகிறோம். கொழும்பிலிருந்து அனுப்பும் கூரியர் கட்டணத்தை விசாரித்தேன், கருவியின் விலையில் பாதியைத் தாண்டியது. திரும்பி வரும்போது சுங்கத்தில் என்ன ஆகும் என்பதும் ஒரு கவலை. அந்தக் கருவி இன்றும் பல்லோடு என் லாச்சியில் கிடக்கிறது. மற்ற எல்லாம் புதிதுபோல் இருக்கின்றன.

25 ஆண்டு உத்தரவாதம், ஆயுட்கால உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். சேவை நிலையம் இருக்கும் நாட்டில் வாழ்பவர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. நமக்கு அது பெட்டியில் உள்ள எழுத்து மட்டுமே. நமக்கு வேண்டிய உத்தரவாதம் வேறு வகை: தேயும் பாகங்களைப் பெயரிட்டு, இலக்கமிட்டு, தனித்தனியாக விற்றாலே போதும். கம்பி வெட்டி, கத்தரிக்கோலின் சுருள், பிட் பிடிக்கும் மூட்டு, இடுப்புக் கொக்கி, சுழலாணித் திருகாணி. இவ்வளவுதான். ஒரு கடித உறைக்குள் அடங்கும் பொருட்கள். புறக்கோட்டையில் ஒரே ஒரு கடைக்காரர் இவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்திருந்தால், இந்த நகரத்தில் உள்ள கருவிகள் எல்லாம் இருபது ஆண்டு உழைக்கும்.

முடியாத காரியமல்ல என்பதற்குச் சாட்சி உண்டு. சுவிஸ் நிறுவனமான விக்டோரினொக்ஸின் சிவப்புக் கத்தியின் கத்தரிக்கோலுக்குள் இருக்கும் சிறு சுருளைப் பாருங்கள். பல்குச்சியும் சாமணமும் போல அதையும் தனியாக வாங்கலாம், நாமே மாட்டலாம். லெதர்மேன் 2018இல் வேவ் மாதிரியை வேவ் பிளஸ் ஆக்கியபோது செய்த பெரிய மாற்றம், கம்பி வெட்டியைக் கழற்றி மாற்றக்கூடியதாக ஆக்கியதுதான். அந்த ஒரு மாற்றத்துக்காக நான் அவர்களை மனமாரப் பாராட்டுவேன். சீனாவின் ரொக்சன் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே எந்தெந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதை உரிமையாளரே கழற்றி மாற்றும் பிளெக்ஸ் என்ற மாதிரியைக் கொண்டுவந்திருக்கிறது. எனக்கு மர வாள் தேவையில்லை. தோட்ட வேலை செய்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. இருவரும் ஒரே உடலை வாங்கி வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். புதுமை என்றால் எனக்கு இதுதான். அதோடு ஒன்று: உடலைப் பூட்டும் திருகாணிகளில் நடுவே முள் வைத்த டோர்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வெட்டு) போடுவதை விட்டுவிட வேண்டும். சாதாரண டோர்க்ஸ் போட்டால் சுத்தம் செய்யவாவது திறப்போம்.

கத்தி இல்லாத மாதிரி பற்றி. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பைச் சோதனை நம் வாழ்வோடு கலந்துவிட்டது. அலுவலகக் கட்டடம், ஹோட்டல், கடைத்தொகுதி என்று நான் வேலைக்குப் போகும் இடங்களின் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்திருக்கிறது. காவலர் தம் கடமையைத்தான் செய்கிறார். குறட்டைப் பார்த்தால் சரி என்பார், கத்தியை விரித்தால் முகம் மாறும். விக்டோரினொக்ஸின் தலைவர் கார்ல் எல்சனர் 2024இல், கத்தி இல்லாத பொருட்களை உருவாக்கி வருவதாகச் சொன்னபோது, காலங்காலமாக அந்தக் கத்திகளை விரும்பிச் சேர்ப்பவர்கள் பலர் மனம் வருந்தினார்கள். எனக்கோ மகிழ்ச்சி. பிரித்தானியாவில் பொது இடத்தில் காரணமின்றி வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. அந்தச் சட்டத்துக்கென்று தனி மாதிரிகள் செய்ய முடிகிறது என்றால், நம்மைப் போன்ற வேலையாட்களுக்காகக் கத்தி இல்லாத முழு அளவுக் குறடும் செய்ய முடியும்.

கத்தியின் இடத்தில் என்ன வைப்பது? நல்ல கத்தரிக்கோல் ஒன்று. அதோடு, விரும்பினால் மாட்டிக்கொள்ள 9 மில்லிமீற்றர் ஒடிக்கும் அலகுக்கான பிடி ஒன்று. அப்பியாசக் கொப்பி விற்கும் கடையிலேயே அந்த அலகு கிடைக்கிறது. குழாயைச் சுற்றும் கறுப்பு நுரையையும் பசை நாடாவையும் அறுத்து அறுத்து எந்த உயர்ந்த உருக்கும் பசையேறி மழுங்கத்தான் செய்கிறது. ஒடித்து எறிவதே அந்த வேலைக்குச் சரி.

காந்தக் கைப்பிடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லெதர்மேன் 2019இல் ப்ரீ வரிசையில் அதைக் கொண்டுவந்தபோது, ஒரு கையால் குறட்டையே விரிக்க முடிந்தது உண்மையான முன்னேற்றம். மற்றக் கை ஏணியைப் பிடித்திருக்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால் சுவர்த் தாங்கிக்கு இரும்பில் துளைபோடும் இடத்தில் காந்தம் இரும்புத் தூளை இழுத்து மூட்டுக்குள் வைத்துக்கொள்ளும். அதைத் தூரிகையால் எடுப்பது பெரும் பாடு. உங்கள் வேலை கணினி வலையமைப்பு என்றீர்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, தாராளமாக வாங்கலாம்.

உயரத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: கயிறு கட்டும் வளையம் எல்லா மாதிரியிலும், உறுதியாக, கைப்பிடியோடு சேர்ந்து இருக்க வேண்டும். வேவ் பிளஸ் 240 கிராம் அளவு. ஆறாம் மாடியிலிருந்து அது கையை விட்டு விழுந்தால் கீழே நடந்து போகிறவரின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். எத்தனையோ மாதிரிகளில் இந்த வளையம் ஒரு சிறு தகடு, சிலவற்றில் அதுவும் இல்லை.

டின் திறப்பானை எடுத்துவிடுங்கள், இப்போது எல்லா டின்னிலும் வளையம் இருக்கிறது என்று வெளிநாட்டு ஆர்வலர்கள் சொல்வதை வாசித்திருக்கிறேன். நான் வாங்கும் 425 கிராம் டின்மீனில் எத்தனையோ தடவை வளையம் இல்லை. திறப்பான் இருக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். கைப்பிடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் அது காவலிட்ட கருவி ஆகிவிடாது. ஐ.ஈ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்துக்குச் செய்யப்பட்ட குறடு 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டு, 1,000 வோல்ட்டுக்கு என்று முத்திரை பெறுகிறது. மல்டிடூலின் உலோக உடல் அந்தச் சோதனைக்குப் பக்கத்திலும் போக முடியாது. இதை நிறுவனங்களிடம் கேட்பதிலும் பயனில்லை. 230 வோல்ட் இருக்கும் இடத்தில் மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். சதுர மூன்று முள் பொயின்ட்டின் மேல் துளைக்குள் திருப்புளியை விட்டுத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. மல்டிடூலால் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? வலையமைப்பு வேலைக்கு, கட்டடத்துக்குள்ளேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், வேவ் பிளஸ் அல்லது விக்டோரினொக்ஸ் ஸ்பிரிட். முன்னதில் கம்பி வெட்டி மாறும். பின்னதில் உள்கருவிகள் எல்லாவற்றையும் குறட்டை விரிக்காமல் வெளியிலிருந்தே எடுக்கலாம், கைக்கும் மென்மை. அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் நெக்ஸ்டூல், ரொக்சன் போன்ற சீன நிறுவனங்களின் சொந்தப் பெயர்க் கருவிகளை நம்பி வாங்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொறித்துப் பாதி விலைக்கு வரும் போலியை மட்டும் தொடாதீர்கள். அதன் குறட்டு மூக்கு முதல் முறுக்கிலேயே ஒடியக்கூடும்.

கடையில் காசு கொடுக்குமுன் குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்கின் நுனி இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு தாளைக் கம்பி வெட்டியில் வைத்து அழுத்துங்கள், கிழியாமல் அறுபட வேண்டும். பிட்டை மாட்டி ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, கடைக்காரரிடம் கம்பி வெட்டிக்கு மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார். பரவாயில்லை, போகிறவர்கள் எல்லாரும் கேட்டால் அடுத்த கப்பலில் நாலு சோடியாவது எடுப்பிப்பார்.